எங்கட ஆள் பிழை செய்தால்?

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. புத்தாண்டு மலருக்காகப் பேசியவரே எழுதித் தந்தது.)



ஏதாவதொரு படத்தைப் பற்றிப் பேசுங்கோ என்று தலைவர் கேட்டபோது, இவர் பழைய சிவாஜி படம் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு வரப்போகிறார் என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் போன மார்கழி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மகன், "அப்பா, இது பொலிஸ் படம், உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி ஒரு ஆங்கிலப் படத்தைப் போட்டான். அரைவாசியில் நித்திரை வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். படம் முடிய இரவு ஒரு மணி. மகன் போய்ப் படுத்துவிட்டான். எனக்கு விடியும் வரைக்கும் நித்திரை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

படத்தின் பெயர் 'பிறைட் அன்ட் குளோரி'. பெருமையும் புகழும் என்று சொல்லலாம். 2008ஆம் ஆண்டு வந்தது. அந்த வருசம் செப்ரெம்பரில் எங்கட ரொறன்ரோ திரைப்பட விழாவிலும் காட்டினார்கள். இயக்கியவர் கவின் ஓ'கொனர். அவருடைய தகப்பனாரே நியூயோர்க் பொலிஸில் இருந்தவர். அதனால்தான் அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையை அவர் அவ்வளவு சரியாகக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் கெட்ட வார்த்தை நிறைய இருக்கு. இரத்தமும் நிறைய. சின்னப் பிள்ளையளை வைத்துக்கொண்டு பார்க்கேலாது. கதையும் முன்பின் கேள்விப்படாத கதை இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வியை அது நேராக முகத்தில் கேட்கிறது. எங்கட ஆள் ஒருவன் பிழை செய்தால் நாங்கள் என்ன செய்வது?

கதை இதுதான். நியூயோர்க்கில் ஒரு ஐரிஷ் வழிவந்த குடும்பம். தகப்பன் பொலிஸில் பெரிய அதிகாரி. ஜோன் வொய்ற் நடித்திருக்கிறார். மூத்த மகன் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கிறான். இளையவன் ரே, துப்பறியும் பிரிவுக்காரன். எட்வேர்ட் நோர்ட்டன் நடித்திருக்கிறார். பழைய சம்பவம் ஒன்றின் காயம் ரேக்கு மனத்திலும் இருக்கு, கன்னத்தில் தழும்பாகவும் இருக்கு. ஒதுங்கி, காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவில் இருக்கிறான். இவர்களின் சகோதரியைக் கட்டினவன் ஜிமி. அவனும் பொலிஸ்தான். கொலின் பரல் நடித்தது. எங்கட முறைப்படி சொன்னால் ரேக்கு ஜிமி மச்சான்.

நத்தார் காலம். மன்ஹற்றனின் வடக்கே, வொஷிங்ரன் ஹைற்ஸ் என்ற இடத்தில் போதைப்பொருள் வியாபாரி ஒருவனைத் தேடிப்போன 4 பொலிஸ்காரர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். நாலு பேரும் மூத்த மகனின் நிலையத்து ஆட்கள். விசாரணைக்கு வா என்று தகப்பனே ரேயைக் கூப்பிடுகிறார். ரே தயங்குகிறான், பிறகு வருகிறான். ஒவ்வொரு நூலாகப் பிடித்துக்கொண்டு போனால், நூலின் மற்ற முனை தன் சொந்த வீட்டுக்குள்ளே போகிறது. ஜிமியும் அவனுடைய கூட்டாளிகளும் ஒரு போதை வியாபாரியிடம் காசு வாங்கிக்கொண்டு அவனுடைய போட்டியாளனைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள். செத்த பொலிஸ்காரரும் அந்தக் கூட்டத்து ஆட்களே.

இதில் ஒரு காட்சி இருக்கு. தப்பி ஓடினவன் எங்கே என்று அறிய ஜிமி ஒரு வீட்டுக்குள் புகுந்து, தாய் தகப்பனுக்கு முன்னால், ஒரு கைக்குழந்தையின் முகத்துக்குக் கிட்டச் சூடான அயன்பெட்டியைப் பிடிக்கிறான். என்னால் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிவிட்டேன். ஆனால் அதே ஜிமி தன் வீட்டில் தன் பிள்ளைகளுக்கு நல்ல தகப்பன். மனைவிக்கு அன்பான புருசன். மாமனாருக்குப் பிடித்த மருமகன். வீட்டில் பிள்ளையைத் தூக்குகிற அதே கைதான் அங்கே அயன்பெட்டியைப் பிடித்த கை. 'அவன் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை, எங்களுக்கு அவனைத் தெரியும்' என்று நாங்கள் சொல்லுவோமே, அந்தச் சொல்லுக்கு இந்தப் படம் ஒரு பதில். எங்களுக்குத் தெரிந்தது அவனுடைய வீட்டு முகம் மட்டும்தான்.

தேடப்பட்டவனையும் ஜிமி கொன்றுவிடுகிறான். பழி ரேயின் தலையில் விழப் பார்க்குது. கூட்டாளி ஒருவன் மனச்சாட்சி தாங்காமல் ஒரு பத்திரிகைக்காரனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். இவ்வளவும் நடந்த பிறகும் வீட்டில் என்ன பேச்சு? மூத்தவனுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவன். அவனுடைய மனைவி புற்றுநோயில் கிடக்கிறாள். அந்த வீட்டில் இன்னொரு இடி விழ வேண்டுமா என்று அவனுக்கு யோசனை. தகப்பனோ குடும்பம், குடும்பம் என்று நிற்கிறார். உன்ர சகோதரியை யோசி, அவளின் பிள்ளையளை யோசி, இத்தனை வருசம் இந்தப் பெயரைக் காப்பாற்றினோம் என்கிறார். அவர் கெட்ட மனிசன் இல்லை. பிள்ளைகளில் உயிரையே வைத்திருக்கிறார். அந்த அன்புதான் அவருடைய வாயில் இருந்து இப்படிப் பேசுகிறது. எனக்கு நித்திரை வராமல் செய்தது வில்லன் இல்லை, இந்தத் தகப்பன்தான்.

இது சினிமாக் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியூயோர்க் பொலிஸின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஃபிராங்க் சேர்ப்பிக்கோ என்று ஒரு பொலிஸ்காரர். இத்தாலியில் இருந்து குடியேறிவந்த ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகன். 1959இல் பொலிஸில் சேர்ந்தார். சிவில் உடையில் சூதாட்டக்காரரைப் பிடிக்கிற வேலைக்குப் போன இடத்தில், சூதாட்ட இடங்களிடம் மாதாமாதம் காசு வாங்கித் தங்களுக்குள் பங்கு பிரிக்கிறார்கள் என்று கண்டார். தனக்கு வந்த பங்கை வாங்க மறுத்தார். மேலதிகாரிகளுக்குச் சொன்னார். யாரும் அசையவில்லை. கடைசியில் 1970 ஏப்ரல் 25ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் முதற்பக்கத்தில் செய்தி வந்த பிறகுதான் நகர மேயர் ஜோன் லின்ட்ஸே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். தலைவரின் பெயரால் அதை 'நாப் கொமிஷன்' என்று சொல்லுவார்கள்.

1972இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையில் ஒரு விபரம் உண்டு. சிவில் உடைப் பிரிவில் ஒருவருடைய மாதப் பங்கு மன்ஹற்றனின் நடுப்பகுதியில் 300, 400 டொலர். ஹார்லெமில் 1500 டொலர் வரைக்கும். புதிதாக வருகிறவருக்கு முதல் இரண்டு மாதமும் பங்கு இல்லை. ஆள் நம்பிக்கையானவரோ என்று பார்க்கிற காலம் அது. ஆனால் அவர் அந்தப் பிரிவை விட்டுப் போகும்போது அந்த இரண்டு மாதக் காசையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவார்கள். பாருங்கோ, களவிலேயே எவ்வளவு ஒழுங்கு! நம்பிக்கை, பங்கு, பிரியாவிடைக் காசு, எல்லாம் ஒரு குடும்பத்தில் நடக்கிற மாதிரி. அதுதான் அதன் பலம்.

அதே அறிக்கை ஊழல் பொலிஸ்காரரை இரண்டாகப் பிரித்தது. புல்லு மேய்கிறவர்கள், இறைச்சி தின்கிறவர்கள். புல்லு மேய்கிறவர் தன் வழியில் வந்த சின்னச் சின்னக் காசை வாங்கிக்கொள்கிறவர். இறைச்சி தின்கிறவர் தேடிப்போய்ப் பறிக்கிறவர். இறைச்சி தின்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் புல்லு மேய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறபடியால் ஊழலே மரியாதையான சங்கதியாகிப் போகுது என்று அந்தக் குழு கண்டது. தன் கையிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறவன் மற்றவனைக் காட்டிக்கொடுக்கத் துணியமாட்டான். அதோடு, காட்டிக்கொடுக்கிறவன்தான் துரோகி என்று ஒரு பேச்சும் வந்துவிடும்.

சேர்ப்பிக்கோவுக்கு அந்தப் பேச்சு என்ன செய்தது? 1971 பெப்ரவரி 3ஆம் திகதி புறூக்ளினில் ஒரு போதைப்பொருள் சோதனையில் அவர் முகத்தில் சுடப்பட்டார். கூட வந்தவர்கள் உதவி கேட்டு அறிவிக்கவில்லை, பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர்தான் அவசர உதவியைக் கூப்பிட்டார் என்று அவர் சொல்லி வந்திருக்கிறார். உயிர் தப்பினார். ஒரு காதில் கேட்கும் சக்தி போய்விட்டது. அந்த வருசக் கடைசியில் பகிரங்கமாகச் சாட்சி சொன்னார். 1973இல் 'சேர்ப்பிக்கோ' என்ற பெயரிலேயே படம் வந்தது. அல் பசினோ நடித்தார். பொலிஸ் திணைக்களம் அவருக்கு அந்தக் காலத்தில் பதக்கம் கொடுத்தது, ஆனால் அதற்குரிய சான்றிதழ் அவர் கைக்கு வந்தது 2022இல். 50 வருசம்!

பிறகாவது திருந்தினார்களா? 1992இல் மேயர் டேவிட் டிங்கின்ஸ் இன்னொரு குழுவை அமைக்க வேண்டி வந்தது. மில்ற்றன் மொலன் என்பவர் தலைமை. அந்த வருசம் மைக்கல் டவுட் என்ற புறூக்ளின் பொலிஸ்காரரைப் போதைப்பொருள் குற்றத்துக்காகப் பிடித்தது நியூயோர்க் நகரப் பொலிஸ் இல்லை, வெளியே லோங் ஐலன்ட் பக்கத்துப் பொலிஸ். வீட்டுக்குள் இருந்தவர்களின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. 1994இல் வந்த மொலன் அறிக்கை, முந்திய காலத்துப் பொலிஸ்காரர் குற்றவாளியிடம் காசு வாங்கிக்கொண்டு விட்டார்கள், இப்போது பொலிஸ்காரரே குற்றவாளியாகிவிட்டார்கள் என்ற நிலையைச் சொன்னது. அதே வருசம் ஹார்லெமின் 30ஆவது பொலிஸ் நிலையத்தில் கைது தொடங்கி, 30 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். எங்கட படத்தில் வருகிறது 31ஆவது நிலையம். எதை நினைத்து வைத்த இலக்கமோ, நீங்களே யோசியுங்கோ. பெரும்பாலான பொலிஸ்காரர் நேர்மையானவர்கள் என்பதையும் மொலன் குழு சொன்னது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நேர்மையான ஆட்களும் வாய் திறக்கவில்லை.

புல்லு மேய்ந்ததைப் பொறுத்துக்கொண்ட இடத்தில், இருபது வருசத்தில் இறைச்சி தின்கிறவன் வளர்ந்துவிட்டான். எனக்கு விளங்கின பாடம் அது.

இனி எங்கட பக்கம் வருவோம். பொலிஸ் என்றால் எங்களுக்கு வேறு ஞாபகங்கள் உண்டு. 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்த பிறகு பிள்ளையைத் தேடிப் பொலிஸ் வாசலில் நின்ற தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அந்த வாசலில் யாருமே உண்மை சொல்லவில்லை. ஆகவே, பொலிஸ்காரர் ஒருவரையொருவர் மூடி மறைப்பார்கள் என்று ஒரு படம் காட்டினால் எங்களுக்கு அது புதினம் இல்லை. 'பார், எல்லா நாட்டிலும் இவங்கள் இப்பிடித்தான்' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். நானும் அப்படி எழும்பிப் போயிருப்பேன். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசை என்னைப் போக விடவில்லை. நானும் அப்படி ஒரு மேசையில் இருந்தவன்.

1993ஆம் ஆண்டு. என்னுடைய மனைவியின் தம்பி இங்கே ஒரு சீட்டுப் பிடித்தார். 25 பேர், மாதம் 200 டொலர். வந்த புதிதில் எங்கள் எல்லோருக்கும் வங்கி அதுதான். ஒன்பதாம் மாதம் காசு குறையத் தொடங்கியது. ஒருநாள் இரவு வீட்டில் இருந்து கணக்கைப் பார்த்தோம். மச்சான் எடுத்துவிட்டார். கடை போட எடுத்தேன், திருப்பி வைப்பேன் என்றார். மாமி அழுதுகொண்டு சொன்னா: "தம்பி, வெளியில தெரிஞ்சால் எங்கட மானம் போயிடும். கேட்டால் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ." நான் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா வந்தா. எங்கட ஊர் ஆள். இரவில் ஒபிஸ் துப்புரவாக்கிற வேலை. கொழும்பில் நின்ற மகனைக் கூப்பிட அந்தச் சீட்டைத்தான் நம்பியிருந்தவ. "தம்பி, நீங்கள் பொய் சொல்லமாட்டியள். அவர் காசை எடுத்திட்டாரோ?" என்று கேட்டா. நான், "எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா" என்றேன். அவ தேத்தண்ணியைக் குடித்தா. கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனா.

அந்தப் பொய்யால் மச்சானைக் காப்பாற்றினோமா? இல்லை. வீடு தனக்குப் பின்னால் நிற்கும் என்று கண்ட மச்சான் அடுத்த வருசம் இன்னும் பெரிய சீட்டுப் பிடித்தார். அதுவும் முறிந்தது. இந்த முறை கோடு, வழக்கு. கோட்டுக்கு அவர் தனியத்தான் போனார். மானம் மானம் என்று சொன்ன நாங்கள் ஒருத்தரும் பக்கத்தில் போகவில்லை. அந்த அக்காவின் காசை நான் துண்டு துண்டாக மூன்று வருசத்தில் கொடுத்து முடித்தேன். மகன் வந்து சேர அவ்வளவு காலம் பிந்திப்போச்சு. காசு கொடுத்தேனே தவிர, 'அண்டைக்கு எனக்குத் தெரியும் அக்கா' என்ற ஒரு வசனத்தை நான் சொல்லவே இல்லை. அவ இப்போது உயிரோடு இல்லை. அதனால் உங்களுக்கு முன்னால் சொல்லுகிறேன். எனக்குத் தெரியும்.

பல வருசத்துக்குப் பிறகு மச்சான் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அத்தான், முதல் தரம் நீங்கள் என்னைப் பிடிச்சு நிப்பாட்டியிருக்கலாம்." அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது இன்றுவரைக்கும் குத்துது.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். ஜிமி, தான் கொடுமை செய்த அந்தத் தெருச்சனத்தின் கையாலேயே சாகிறான். குடும்பம் மூடி மறைத்தது அவனைக் காப்பாற்றவில்லை. அந்தச் சகோதரி விதவையாகிறாள். யாருக்காக மறைத்தோம் என்று சொன்னார்களோ அவளுக்குத்தான் எல்லாம் போகிறது. அதற்குப் பிறகு கடைசிக் காட்சி. ரே நீதிமன்றத்துக்குப் போகிறான். தனியாக இல்லை. ஒரு பக்கம் தமையன், ஒரு பக்கம் தகப்பன். மூன்று பேரும் சேர்ந்து நடக்கிறார்கள். பெரிய வசனம் ஒன்றும் இல்லை.

குடும்பப் பாசம் என்றால் என்ன என்று படம் முழுக்கத் தகப்பன் பிழையாகவே சொல்லிக்கொண்டு இருந்தார். கடைசியில் வாயால் சொல்லாமல் காலால் சொல்லிவிட்டார். எங்கட ஆளுக்காகப் பொய் சொல்வது பாசம் இல்லை. உண்மை சொல்லப் போகும் போது அவன் பக்கத்தில் நடந்து போவதுதான் பாசம். பிழை செய்தவன் எங்கட ஆள் என்றால் அவனை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, 'வா, போய்ச் சொல்லுவம். நானும் வாறன்' என்று சொல்ல வேண்டும். அதை முதல் தரமே, புல்லு மேய்கிற காலத்திலேயே சொல்ல வேண்டும்.

நான் இன்றைக்குச் சொன்ன சங்கதியைச் சொல்லலாமா என்று மச்சானிடம் கேட்டுவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். "சொல்லுங்கோ அத்தான்" என்றார். என்னைக் காரில் கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்தான். கடைசி வரிசையில் இருக்கிறார்.

சித்திரை பிறக்கப் போகுது. கணக்குப் பார்த்துப் புதுக்கொப்பி திறக்கிற காலம். வீட்டுக்குள் இருக்கிற பழைய கணக்கையும் ஒருக்கால் பார்ப்போம். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.